குண்டு இருக்கிற இடத்தில் என்னதான் நடக்கும்?

எங்கள் ஊர்ப் பக்கம் யாரிடமாவது, உச்சிப்புளியில் இருக்கிற கடற்படைத் தளம் ஐஎன்எஸ் பருந்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் ஏவுகணை என்பார், இன்னொருத்தர் பூமிக்கு அடியில் நாலு மாடி என்பார், அங்கிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் சுரங்கம் போகிறது என்று சத்தியம் பண்ணிச் சொன்ன ஆளும் உண்டு. உச்சிப்புளியில் பிறந்து, விசாகப்பட்டினம் பக்கம் கடற்படையின் ஆயுதக் கிடங்கு ஒன்றில் டிரேட்ஸ்மேன் மேட்டாக, அதாவது தொழிலாளிக்கு உதவியாளாகச் சேர்ந்து, வேலைக்காலம் முழுவதையும் அங்கேயே கழித்துவிட்டு இப்போது ஊரில் வந்து உட்கார்ந்திருப்பவன் நான். அதனால் இந்தப் பேச்சு எழுந்தால் எல்லோரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் "இவருக்குச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்று முடித்துவிடுவார்கள். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை, அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே கிளம்பிவிடலாம்.

முதலில் பருந்து. அது ஆயுதத் தளம் இல்லை, கடற்படையின் விமான நிலையம். 2009 மார்ச்சில்தான் இந்தப் பெயரோடு முறையாகப் படையில் சேர்ந்தது. அதற்கு முன்பும் அங்கே கடற்படை இருந்தது, ராம்நாடு விமான நிலையம் என்பார்கள். 2012-ல் ஆளில்லா விமானப் படைப்பிரிவு ஒன்று வந்தது, ஹெரான், சர்ச்சர் என்று இரண்டு ரக விமானம். மேலே தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகச் சத்தம் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றுகிறதே, அதுதான். பாக் ஜலசந்தியையும் மன்னார் வளைகுடாவையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. போர்க்கப்பலுக்கு ஆயுதம் ஏற்ற வேண்டுமென்றால் கப்பல் கரைக்கு வர வேண்டும், வருவதற்கு ஆழம் வேண்டும். நம் பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடம் ஏழு எட்டு பாகத்தைத் தாண்டாது, ஒரு பாகம் என்பது ஆறடி. ராமர் பாலத் திட்டுப் பக்கம் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக்கூட இடங்கள் உண்டு. பெரிய கப்பலெல்லாம் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. மண்டபத்தில் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட் வைத்திருப்பதும் இந்த ஆழமின்மையால்தான். தண்ணியிலும் ஓடும், மணலிலும் ஏறி நிற்கும். இப்படிப்பட்ட கடலுக்குப் பக்கத்தில் ஏவுகணைக் கிடங்கு கட்டி யாருக்கு ஏற்றுவது?

நிஜமான கிடங்குகள் எல்லாம் ஆழமான துறைமுகங்களை ஒட்டி இருக்கின்றன. மும்பைப் பக்கம் கரஞ்சாவும் டிராம்பேயும், கொச்சிக்குப் பக்கத்தில் ஆலுவா, கிழக்கே விசாகப்பட்டினம். ஒடிசாவில் கோராபுட் மலைமேல் சுனாபேடாவிலும் ஒன்று இருக்கிறது. கடற்படைக்கு மலைமேல் என்ன வேலை என்று சிரிப்பு வரும். எல்லாவற்றையும் கடற்கரையிலேயே அடுக்கி வைத்தால் எதிரிக்கு ஒரே கல்லில் காரியம் முடிந்துவிடும், அவ்வளவுதான். விசாகப்பட்டினம் போனவர்களுக்கு என்ஏடி கொத்த ரோடு தெரிந்திருக்கும். பஸ் கண்டக்டர் "என்ஏடி, என்ஏடி" என்று கத்துவாரே, அந்த என்ஏடி நேவல் ஆர்மமென்ட் டிப்போதான். ஊருக்கே கிடங்கின் பெயர். அதே நகரத்திலிருந்து பீமுனிப்பட்டினம் போகிற சாலையில் ஐஎன்எஸ் கலிங்கா, 1985-லிருந்து. ஏவுகணைகளைக் கப்பலுக்கு ஏற்றும் முன் தயார் பண்ணுகிற தளம். நான் எதில் இருந்தேன் என்பது இங்கே முக்கியமில்லை.

வேலை எப்படி இருக்கும்? கேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வரிசை. காவலுக்கு டிஎஸ்சி எனும் பாதுகாப்புக் காவல் படையின் ஜவான்கள், பெரும்பாலும் ராணுவத்தில் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி சேர்ந்தவர்கள், மீசை நரைத்த ஆட்கள். பாஸைப் பார்ப்பார்கள், பிறகு பையைத் தடவுவார்கள். தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், பிற்பாடு செல்போன், எதுவும் உள்ளே போகக் கூடாது. புல் வெட்டுகிற ஒப்பந்த வேலைக்கு வருகிற தெலுங்குக் கிழவிகளில் சிலர் சுட்டா பிடிப்பார்கள். சுட்டா என்றால் நம்மூர்ச் சுருட்டுதான், ஆனால் அந்தக் கரையில் பெண்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டில் அந்தக் கிழவிகள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாதி எரிந்து அணைந்த சுட்டாவையும் தீப்பெட்டியையும் எடுத்து மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பெட்டிக்குள் யாருடைய சுட்டா எது என்று ஒரு சண்டை நடக்கும். ஜவான்களுக்கு தெலுங்கு தெரியாது, கிழவிகளுக்கு இந்தி தெரியாது. நடுவில் இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த நான் பஞ்சாயத்து.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது குண்டு இல்லை, புல்தான். வெடிமருந்து வைக்கிற கட்டடத்தை நாங்கள் மேகசின் என்போம். மூன்று பக்கமும் மேலேயும் மண்ணைக் கொட்டி மேடு கட்டி, அதில் புல் வளர்த்து விட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்மாய்க் கரை மாதிரிதான் தெரியும். அந்த மண்மேடு எதற்கு என்றால், உள்ளே வெடித்தால் அடி பக்கவாட்டில் அடுத்த கட்டடத்துக்குப் போகாமல் மேலே போக வேண்டும், சிதறுகிற துண்டுகள் மண்ணில் புதைய வேண்டும். புல்லை வளரவும் விட வேண்டும், காய விடவும் கூடாது. மண் சரியாமல் பிடிக்க வேர் வேண்டும். கோடையில் காய்ந்து நின்றால் ஒரு பொறி போதும். வருஷம் பூராவும் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். கிடங்கில் அதிகம் பேர் செய்கிற வேலை எது என்று கேட்டால் புல் வெட்டுவது என்றுதான் சொல்வேன். வெட்டும்போது பாம்பு அடிபடும், அதற்குத் தனியாக ஒரு கதை எழுதலாம்.

மேகசின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. இந்த அறையில் இத்தனை கிலோவுக்கு மேல் வெடிமருந்து கூடாது, ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கும். இரண்டாவது வரி எனக்கு முதலில் புரியவில்லை. பொருளுக்கு அளவு சரி, ஆளுக்கு எதற்கு அளவு? அங்கிருந்த பெரியவர் ஒருத்தர் தெலுங்கில் சொன்னார்: "போனால் எத்தனை பேர் போகலாம் என்று முதலிலேயே முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள் தம்பி." சொல்லிவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டடத்துக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் பெரிய அடையாளம் மாட்டியிருக்கும். எட்டு மூலை வடிவத்தில் 1 என்று இருந்தால் உள்ளே இருப்பது மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கிற சரக்கு. பெருக்கல் குறி மாதிரி இருந்து 2 என்றால் துண்டு சிதறும். தலைகீழ் முக்கோணத்தில் 3 என்றால் மூர்க்கமாக எரியும். சாய்சதுரத்தில் 4 என்றால் ஓரளவு தேவலாம். தீயணைப்புக்காரருக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, வடிவத்தைப் பார்த்தே பக்கத்தில் போவதா, திரும்பி ஓடுவதா என்று தெரிந்துவிடும். ஓடுவதும் அங்கே விதிப்படி செய்கிற காரியம்தான்.

இடைவெளிக் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒரு மேகசினுக்கும் பக்கத்து ஊருக்கும் இடையில் எவ்வளவு தூரம் வேண்டும் என்பது வெடிமருந்து எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. அதாவது சரக்கை எட்டு மடங்கு கூட்டினால் தூரம் இரண்டு மடங்குதான் கூடும். இதையே திருப்பிப் பாருங்கள். "பாதியைக் காலி பண்ணுங்கள், பாதி நிலத்தை எங்களுக்கு விடுங்கள்" என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள், நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பாதிச் சரக்கை எடுத்தால் தூரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். தூரம் பாதியாக வேண்டுமென்றால் எட்டில் ஏழு பங்கை அகற்ற வேண்டும். ஆயுதக் கிடங்கு இருக்கிற எல்லா ஊரிலும் நிலத்தகராறு முடியாமல் இழுப்பதற்கு இந்தக் கனமூலமும் ஒரு காரணம்.

காலை முதல் வேலை வெப்பமானி பார்ப்பது. ஒன்று சும்மா தொங்கும், பக்கத்தில் இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரப்பதம் கணக்கிட்டு நோட்டில் எழுத வேண்டும். அன்றைக்குக் கதவைத் திறந்து காற்று விடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது. வெளிக்காற்றில் ஈரம் அதிகமென்றால் திறக்கக் கூடாது, திறந்தால் அந்த ஈரமெல்லாம் உள்ளே போய்க் குளிர்ந்த உலோகத்தில் வேர்த்து நிற்கும். புதிதாக வருகிறவர்கள் "புழுக்கமா இருக்கு, கொஞ்சம் திறந்து விடலாம் சார்" என்பார்கள். நமக்குப் புழுக்கமாக இருக்கிற நாள்தான் திறக்கவே கூடாத நாள்.

இந்த வெப்பமானி நோட்டு சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. பீரங்கிக்குப் போடுகிற கார்டைட் மாதிரியான உந்துமருந்து நைட்ரோசெல்லுலோஸில் செய்தது. அது சும்மா வைத்திருந்தாலே மெதுவாகச் சிதையும், சூடு கூடினால் சிதைவு வேகமாகும், சிதைவதால் இன்னும் சூடாகும். 1917 ஜூலை 9-ம் தேதி ராத்திரி பிரிட்டிஷ் போர்க்கப்பல் வேன்கார்ட் ஸ்காட்லாந்துப் பக்கம் நங்கூரத்தில் நின்றுகொண்டிருந்தபோதே வெடித்து மூழ்கி 800 பேருக்கு மேல் செத்தார்கள். எதிரி யாரும் அங்கே வரவில்லை. கார்டைட் சூடாகி வெடித்திருக்கலாம் என்பதுதான் சந்தேகம். அதனால்தான் கிடங்குகளில் ஒவ்வொரு தொகுதிக்கும் வயது எழுதி வைத்து, அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதித்து, காலம் முடிந்ததை வெளியே எடுத்து அழிப்பார்கள். அதற்கென்றே ஒரு ஆய்வுப் பிரிவு உண்டு. எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது, அது வேறு விஷயம்.

மற்றதெல்லாம் இதே ரகம்தான். ஆணி வெளியே தெரியாத தோல் செருப்பு, உள்ளே நுழையும் முன் பித்தளைத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்குவது, இரும்புச் சுத்தியலுக்குப் பதில் பொறி பறக்காத உலோகத்தில் செய்த சுத்தியல், மேகசினைச் சுற்றி இடிதாங்கிக் கம்பங்கள், அவற்றின் எர்த் மின்தடையை அளந்து எழுதுவது. இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் போட்டது போட்டபடி கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பாதி நாள் ஷெட்டில் உட்கார்ந்து கதை பேசுவதுதான் வேலை. கப்பலில் ஆயுதம் ஏற்றும்போது கப்பல் சிவப்புக் கொடி ஏற்றும், பக்கத்தில் வெல்டிங் கிடையாது, ரேடியோ ரேடார் அலை சில வகை வெடிமருந்தில் மின்சாரத்தால் பற்றுகிற தூண்டியைக் கிளப்பிவிடும் என்பதால் அதற்கும் தடை.

டார்பிடோவைப் பற்றிக் கொஞ்சம். படத்தில் பார்த்துவிட்டு அது குண்டு என்று நினைக்கிறார்கள். அது ஆள் இல்லாத ஒரு சின்ன நீர்மூழ்கி. பாட்டரி, மோட்டார், பின்னால் விசிறி, காதுக்குப் பதில் சோனார், முன்னால்தான் வெடிமருந்து. விசாகப்பட்டினத்தின் கடற்படை ஆய்வகம் வடிவமைத்த வருணாஸ்திரா 2016-ல் கடற்படைக்கு வந்தது, ஒன்று ஒன்றரை டன் எடை. பயிற்சிக்குச் சுடும்போது வெடிமருந்துத் தலையைக் கழற்றிவிட்டுப் பளிச்சென்று நிறமடித்த பயிற்சித் தலையை மாட்டுவார்கள். ஓடி முடித்ததும் அது தானாக மேலே வந்து மிதக்கும், படகு போய்க் கட்டி இழுத்து வரும். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்களின் பாடு. வந்த கையோடு நல்ல தண்ணியில் கழுவ வேண்டும், பிரிக்க வேண்டும், ஒவ்வொரு ரப்பர் வளையத்தையும் எடுத்துப் பார்த்து மாற்ற வேண்டும், உப்பு ஒரு இடத்தில் தங்கினாலும் அடுத்த தடவை அது ஓடாது. படகு எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற நம் மண்டபத்துப் பையன்களைக் கொண்டுபோய் விட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். உப்பு என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு முந்தின தலைமுறை இன்னும் கஷ்டப்பட்டிருக்கிறது. 1971 டிசம்பரில் கராச்சியை அடித்த படகுகளில் இருந்தது ரஷ்ய ஸ்டிக்ஸ் ஏவுகணை. அது திரவ எரிபொருளில் ஓடுவது. ஏற்றும் முன் எரிபொருளும், அதை எரிக்க நைட்ரிக் அமில வகைத் திரவமும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், இரண்டும் தொட்டுக்கொண்டால் தீக்குச்சியே தேவையில்லை. உடம்பு முழுக்க ரப்பர் உடுப்பு, முகமூடி, அந்த வெயிலில். வெற்றி விழாவில் படகுகளின் பெயரைச் சொல்வோம், நிபாத், நிர்காட், வீர் என்று. அமிலம் நிரப்பிய கை யாருடையது என்று எங்கும் எழுதவில்லை.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வெடிமருந்து விபத்துகளின் வரலாற்றைப் படித்தால் செத்தவர்களில் பெரும்பாலோர் சண்டைக்காரர்கள் இல்லை, சுமந்தவர்கள். 1944-ல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு நடந்தன.

ஏப்ரல் 14, மும்பை விக்டோரியா டாக். ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிமருந்து, கூடவே தங்கக் கட்டிகள், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள். வெடிமருந்தையும் பஞ்சையும் ஒரே கப்பலில் ஏற்றலாம் என்று ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் பாருங்கள்! போர்க்காலம், அவசரம். சிவப்புக் கொடிகூட ஏற்றவில்லை என்கிறார்கள். பஞ்சு உள்ளுக்குள் புகைந்து, சாயங்காலம் நாலு மணிவாக்கில் வெடித்தது. துறைமுகமே போயிற்று, செத்தவர்கள் 800-லிருந்து 1,300 வரை என்று பலவிதமாகச் சொல்கிறார்கள், ஏனென்றால் கூலிகளுக்கு யார் கணக்கு வைத்தது? தங்கக் கட்டிக்குச் சரியான கணக்கு இருந்தது. பல வருஷம் கழித்துத் துறைமுகத்தைத் தூர்வாரும்போது கிடைத்த கட்டிகளைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜூலை 17, கலிஃபோர்னியாவில் போர்ட் சிகாகோ. அமெரிக்கக் கடற்படையின் வெடிமருந்துத் துறை. ராத்திரி கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வெடித்து 320 பேர் செத்தார்கள், அதில் 202 பேர் கறுப்பினத்தவர். ஏற்றுகிற வேலை முழுக்கக் கறுப்பினக் கடற்படையினருக்கு, மேற்பார்வை முழுக்க வெள்ளை அதிகாரிகளுக்கு. வெடிமருந்தைக் கையாள அவர்களுக்கு முறையான பயிற்சியே கொடுக்கவில்லை. எந்தக் குழு மணிக்கு அதிக டன் ஏற்றுகிறது என்று அதிகாரிகள் பந்தயம் வேறு கட்டியிருக்கிறார்கள். வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிழைத்தவர்களை மறுபடி ஏற்றச் சொன்னார்கள். 258 பேர் மாட்டோம் என்றார்கள். அதில் 50 பேர்மேல் கலகக் குற்றம் சாட்டிச் சிறைக்கு அனுப்பினார்கள். 2024 ஜூலை 17-ம் தேதி, சரியாக 80 வருஷம் கழித்து, அமெரிக்கக் கடற்படை அவர்கள் எல்லோரையும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. அதைக் கேட்க அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

இந்தப் பந்தய விஷயத்தைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் சுர்ரென்றது. எங்கள் இடத்திலும் அவசரப்படுத்துகிற ஆட்கள் இருந்தார்கள், எங்கேதான் இல்லை? ஆனால் "விதியில் இல்லை சார்" என்று ஒரு டிரேட்ஸ்மேன் சொன்னால் அதிகாரியும் நின்றுதான் ஆக வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

வாழ்க்கை மற்றபடி சாதாரணம்தான். குவார்ட்டர்ஸ், கேன்டீன், கேந்திரிய வித்யாலயாவில் பிள்ளைகள் இந்தியும் தெலுங்கும் கலந்து பேசிக்கொண்டு தமிழுக்கு முழிப்பது, டிசம்பர் 4 கடற்படை தினத்துக்கு ராமகிருஷ்ணா பீச்சில் கூட்டத்தோடு நின்று சாகசம் பார்ப்பது. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வாரம் ஒரு தடவை ஓடுகிற புவனேஸ்வரம் ரயிலில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்குவோம். 2014 அக்டோபர் 12 ஹுத்ஹுத் புயல் மட்டும் மறக்காது. குவார்ட்டர்ஸில் ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை, குளியலறைக்குள் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மரங்களைத் தாண்டித் தாண்டி டெப்போவுக்குப் போனால் மண்மேட்டுக்குள் இருந்தவை அப்படியே இருந்தன. ஜன்னலே இல்லாத கட்டடத்தைப் புயல் என்ன செய்யும்? என் மனைவி கேட்டாள், "குண்டுக்குக் கட்டின மாதிரி நமக்கும் ஒரு வீடு கட்டிக் குடுத்தா என்ன?"

இப்போது நம் கரைக்கு வருகிறேன். இங்கே ஆயுதக் கிடங்கு இல்லை என்றேன், ஆயுதமே இல்லாத கரை என்று சொல்லவில்லை. 1538-ல் வேதாளையில் போர்ச்சுகீசியர்களும் மரைக்காயர் கப்பற்படையும் மோதியிருக்கிறார்கள், மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசா ஜெயித்தார். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் கருவாடுதான் காய்கிறது. 1990-க்குப் பிறகு கடற்படை இந்தக் கடலில் ஆபரேஷன் தாஷா என்று தொடர்ந்து ரோந்து வந்ததும் பலருக்குத் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் நடந்தது. ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன, ஆயிரக்கணக்கில், வெடிபொருளும் இருந்தது. எண்பதுகளில் இலங்கைப் போராளி இயக்கத்தார் புதைத்தது என்று போலீஸ் சொன்னது. பேப்பரில் எல்லோரும் தோட்டா எத்தனை என்று எண்ணினார்கள். எனக்குத் தோன்றியது வேறு. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கடற்கரை மணலில், உப்பு ஈரத்தில், வெப்பமானி இல்லாமல், நோட்டு இல்லாமல், ஒரு மேகசின். மேலே குடித்தனம். சமைத்திருப்பார்கள், பிள்ளைகள் விளையாடியிருக்கும், ஆயுத பூஜைக்கோ கிறிஸ்துமஸுக்கோ வெடிகூடப் போட்டிருப்பார்கள். பழைய வெடிபொருள் பழசானதால் செத்துப்போகாது, சில வகை முன்பைவிடத் தொட்டாச்சிணுங்கியாக மாறிவிடும். கடப்பாரை நாலு விரற்கடை தள்ளி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதனால் கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. வலையில் குழாய் மாதிரி, சிலிண்டர் மாதிரி எது மாட்டினாலும், கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும், கையால் தொடாதீர்கள். கடலில் இடத்தை அடையாளம் காட்டப் போடுகிற புகைக்குழல்கள் உண்டு, சிலவற்றில் பாஸ்பரஸ் சார்ந்த மருந்து இருக்கும், பாதி எரிந்து அணைந்த மாதிரி கிடப்பது கரைக்கு வந்ததும் மறுபடி பற்றிக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறதே என்று பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போய்ச் சுத்தியலால் தட்டுகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் 1093. போன் பண்ணினால் விசாரணை என்று அலைய விடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். அலைய விடுவார்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அலைந்தாலும் பத்து விரலும் மிஞ்சும்.

கடைசியாக மனை விஷயம், ஏனென்றால் இதைக் கேட்டுத்தான் வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள். என் தம்பி மகனும் வந்தான். "பெரியப்பா, பருந்து காம்பவுண்டை ஒட்டி பத்து சென்ட் வருது, பாதி விலை. உள்ள குண்டு இல்லைன்னு நீங்கதானே சொல்றீங்க, வாங்கிப் போடவா?" என்றான்.

குண்டு இல்லை என்பதற்காகத் தடை இல்லை என்று ஆகிவிடாது தம்பி. பாதுகாப்புத் தளத்தை ஒட்டிய நிலத்தில் கட்டடம் கட்டுவதைத் தடுக்க 1903-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வைத்திருக்கிறான், இன்னும் அது உயிரோடுதான் இருக்கிறது. விமான ஓடுபாதை இருந்தால் உயரக் கட்டுப்பாடு வேறு. உடான் திட்டத்தில் பயணிகள் விமானம் வரும், நிலம் விலை ஏறும் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். ஓடுபாதையை நீட்டினால் முதலில் கையகப்படுத்துவது யாருடைய பத்து சென்ட் என்று அவர்களைக் கேட்டுப் பார். பாதி விலைக்கு வருகிற மனைக்கு மீதிப் பாதி எங்கே போயிற்று என்று விற்கிறவருக்கு நன்றாகவே தெரியும்.

சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு வா, கடற்படைக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் கேட்டு மனுப் போடலாம், வாயால் சொல்வதை நம்பாதே என்று சொல்லி அனுப்பினேன். விற்கிறவர் அதெல்லாம் வேண்டாம், பக்கத்து மனைக்காரர் கட்டிவிட்டார் என்கிறாராம். பக்கத்து மனையில் கட்டியிருப்பது ஒரு ஆட்டுக் கொட்டகை, நானே போய்ப் பார்த்தேன். தம்பி மகன் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான். அட்வான்ஸ் கொடுத்துவிட்டானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.